ஏப்ரல் 12: நேரம் பார்த்தவர்களும் காத்திருந்தவர்களும்

(ஏப்ரல் 12 அன்று மாலை, ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)



இன்று காலையில் காபி ஆறுவதற்குள் நான் செய்த முதல் வேலை, மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்ததுதான். ஏப்ரல் 12 வந்து நின்றது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாளில் சித்திரை பிறக்கிறது. புதுப் பஞ்சாங்கம் வாங்க வேண்டும் என்று வீட்டில் நினைவூட்டினார்கள். இந்த நேரத்தில் நூலகர் அம்மா கூப்பிட்டு, "ஐயா, நாள், தேதி பற்றி ஏதாவது பேசுங்களேன்" என்று கேட்டிருந்தது பொருத்தமாகத்தான் அமைந்தது.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். தேதி என்றாலே பிள்ளைகளுக்கு வேப்பங்காய். "சார், நடந்தது தெரிஞ்சா போதாதா, தேதி எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். அன்றைக்கு அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல முடிகிறதா பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். "வரலாற்றில் இன்று" என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வருடத்தில் எந்த நாளைப் பிடித்தாலும் ஒரு சண்டை, ஒரு சாவு, ஒரு கண்டுபிடிப்பு மாட்டும். ஆனால் அமெரிக்க வரலாற்றில் இந்த ஏப்ரல் 12 மட்டும் என்னை விடவில்லை. யார் நேரம் குறித்தார்கள், யாரைக் காத்திருக்கச் சொன்னார்கள் என்ற ஒரே கேள்வி இந்தத் தேதியில் நடந்த காரியங்களில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

1861இல் தொடங்குகிறேன். இடம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம். துறைமுக வாயிலில் கல்லைக் கொட்டி மேடாக்கிய திட்டின் மேல் செங்கல்லால் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. சம்ட்டர் கோட்டை. அதற்கு முந்தைய நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் தேர்தலில் வென்றிருந்தார். அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்தை விட்டு விலகியது. மற்ற தென் மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. சார்ல்ஸ்டனில் இருந்த ஒன்றியப் படை மிகச் சிறியது. அதன் தலைவர் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன். டிசம்பர் 26 இரவு அவர் தம் ஆட்களைக் கரையிலிருந்த மோல்ட்ரி கோட்டையிலிருந்து படகில் ஏற்றிக் கடல் நடுவே சம்ட்டருக்குக் கொண்டுபோய்விட்டார். மொத்தம் எண்பத்தைந்து பேர் அளவில் இருக்கும். அவர்களோடு சில கட்டட வேலைக்காரர்களும் இருந்தார்கள்.

அப்புறம் மூன்றரை மாதம் வயிற்றுப் பிரச்சினைதான். ஜனவரியில் உணவும் ஆளும் கொண்டுவந்த கப்பலைக் கரையிலிருந்து சுட்டு விரட்டிவிட்டார்கள். ஏப்ரலில் ரொட்டி தீரும் நிலை. மிச்சம் இருந்தது உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சிதான். லிங்கன் ஒரு காரியம் செய்தார். தென் கரோலினா ஆளுநருக்கு முன்கூட்டியே ஆளனுப்பி, "உணவு மட்டும் அனுப்புகிறோம். தடுக்காதவரை ஆளோ ஆயுதமோ வராது" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கப்பலைச் சுட்டால் பழி சுட்டவன் தலையில் விழும். நான் படித்தவரை இதைவிடச் சாமர்த்தியமான கடிதம் அந்தப் போரில் எழுதப்படவில்லை.

கரையில் பீரங்கிகளை நிறுத்திவைத்துக் காத்திருந்த தளபதி போரிகார்ட். வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் அவருக்குப் பீரங்கி வித்தை சொல்லிக்கொடுத்தவர் இதே ஆண்டர்சன்தான். குருவின் மேல் வில்லெடுத்த அருச்சுனன் கதை நமக்குப் புதிதல்ல. குருக்ஷேத்திரத்திலாவது சொல்லித் தேற்ற ஒரு சாரதி இருந்தான்.

ஏப்ரல் 11 பிற்பகலில் தூதர்கள் படகில் போய்க் கோட்டையை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். மறுத்துவிட்டு, நீங்கள் சுடாவிட்டாலும் சில நாளில் பசியே எங்களை வெளியேற்றிவிடும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நள்ளிரவு தாண்டித் தூதர்கள் திரும்ப வந்து, எப்போது போவீர்கள் என்று கேட்டார்கள். 15ஆம் தேதி நண்பகல், அதற்குள் வேறு உத்தரவோ உணவோ வராவிட்டால் என்றார். வந்தவர்களுக்கு அந்த "வராவிட்டால்" பிடிக்கவில்லை. உணவுக் கப்பல்கள் கடலில் வந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியும். அதிகாலை 3.20க்கு, இன்னும் ஒரு மணி நேரத்தில் சுடுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் அவர்களுடைய கையைக் குலுக்கிப் படகில் ஏற்றிவிட்டார். 4.30க்கு ஜான்சன் கோட்டையிலிருந்து முதல் குண்டு வானத்தில் வளைந்து எழுந்து சம்ட்டரின் மேல் வெடித்தது.

மூன்று நாள். மூன்று நாள் பொறுத்திருந்தால் அன்றைக்கு ஒரு குண்டும் தேவைப்பட்டிருக்காது. போர் வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அடிமை முறை இருக்கும்வரை வேறொரு நாளில், வேறொரு துறைமுகத்தில் வந்திருக்கும். இந்த நாளை எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதைத்தான் சொல்கிறேன்.

முப்பத்து நான்கு மணி நேரம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள். இரு தரப்பிலும் குண்டு பட்டு ஒருவர்கூடச் சாகவில்லை. 14ஆம் தேதி கொடியிறக்கி வெளியேறும்போது மரியாதைக்கு நூறு வேட்டு போடலாம் என்று ஆண்டர்சன் கேட்டு வாங்கினார். பாதியிலே வெடிமருந்து தீப்பற்றி டேனியல் ஹவ் என்ற படைவீரர் இறந்தார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைத் தின்ற போரின் முதல் சாவு, மரியாதை வேட்டில் நேர்ந்த விபத்து.

அந்த விடியலைக் கரையிலிருந்து பார்த்த ஒருத்தியின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. மேரி செஸ்நட் என்ற சீமாட்டி. தூது போனவர்களில் ஒருவர் அவருடைய கணவர். தூக்கம் வராமல் படுத்திருந்தவர் பீரங்கிச் சத்தம் கேட்டு எழுந்து மண்டியிட்டார். பிறகு ஊரில் எல்லோரும் செய்ததுபோல மொட்டைமாடிக்கு ஓடினார். இருட்டில் ஏதோ முக்காலி என்று நினைத்து உட்கார்ந்தார். அது புகைபோக்கி. உடையில் நெருப்புப் பொறி பற்றிக்கொள்ள, பக்கத்திலிருந்த ஆள் கத்தி எழுப்ப வேண்டியிருந்தது. துறைமுகத்தில் தேசம் பற்றி எரிவதை வேடிக்கை பார்க்க வந்தவர் தம் பாவாடையில் பற்றியதைக் கவனிக்கவில்லை. கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன். அவரே தம்மைப் பற்றி எழுதிக்கொண்டது இது.

எனக்கு முக்கியம் அதையடுத்து அவர் எழுதியதுதான். வீட்டில் கறுப்பின அடிமைகள் வேலை செய்கிறார்கள். பீரங்கி இரவு பகலாக முழங்குகிறது. அவர்கள் காதில் விழுமே என்ற எண்ணமே இல்லாமல், மேசை நாற்காலிக்கு முன்னால் பேசுவதுபோல எல்லோரும் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். அவர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவர்கள் மந்தமா, அல்லது நம்மைவிட விவரமாக, வாயை மூடிக்கொண்டு தங்கள் நேரம் வரட்டும் என்று இருக்கிறார்களா என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வருகிறது.

அந்தச் சந்தேகத்துக்கு விடை வர ஓராண்டு, ஒரு மாதம், ஒரு நாள் ஆயிற்று. 1862 மே 13. அதே துறைமுகம். ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற இருபத்து மூன்று வயது அடிமை, பிளான்ட்டர் என்ற கப்பலில் சுக்கான் பிடிப்பவர். வெள்ளைக்கார அதிகாரிகள் இரவு கரைக்குப் போன நேரம் பார்த்து, தம் மனைவி மக்களையும் கூட்டாளிகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு கப்பலை எடுத்துவிட்டார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. விடியும் முன் சம்ட்டர் கோட்டையின் அடியில் வரும்போது நீராவி ஊதலில் சரியான சங்கேதம் கொடுத்தார். மேலே காவலுக்கு நின்றவர்கள் போகவிட்டார்கள். முகம் காட்டாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அடுத்த ஏப்ரல் 12ஐச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீட்டிச் சொல்லக்கூடிய சங்கதி அல்ல அது. 1864. டென்னசியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பில்லோ கோட்டை. உள்ளே ஏறக்குறைய அறுநூறு ஒன்றியப் படைவீரர்கள். பாதிப் பேர் கறுப்பினத்தவர், அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து வந்து சீருடை போட்டவர்கள். எதிரே நேதன் பெட்ஃபோர்டு ஃபாரெஸ்ட்டின் குதிரைப்படை. ஃபாரெஸ்ட் போருக்கு முன் மெம்பிசில் அடிமை வியாபாரி. கோட்டை விழுந்த பிறகு, ஆயுதத்தைப் போட்டுக் கையை உயர்த்தியவர்களைச் சுட்டார்கள், குத்தினார்கள், ஆற்றை நோக்கி ஓடியவர்களையும் விடவில்லை. வெள்ளை வீரர்களில் மூன்றில் ஒரு பங்கு இறந்தார்கள். கறுப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கே போதும். ஃபாரெஸ்ட் போருக்குப் பின் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் முதல் தலைவரானார்.

1865க்கு வருவோம். தென் மாநிலப் படைத் தளபதி லீ சரணடைந்தது ஏப்ரல் 9 என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது 9ஆம் தேதி. துப்பாக்கியைக் கீழே வைத்தது 12ஆம் தேதி. வர்ஜீனியாவில் அப்போமாட்டக்ஸ் என்ற சிற்றூரின் சாலையில் ஒன்றியப் படை இருபுறமும் நின்றது. லீயின் காலாட்படை நடுவே அணி அணியாக வந்து துப்பாக்கிகளைச் சாய்த்து அடுக்கி, தோட்டாப் பையைக் கழற்றி, கிழிந்த கொடிகளை மடித்து மேலே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தது. சம்ட்டரில் முதல் குண்டு வெடித்து நாளுக்கு நாள் சரியாக நான்கு வருடம். லீ அந்த அணிவகுப்பில் இல்லை. ஒன்றியத் தளபதி கிராண்ட்டும் இல்லை.

ஆயுதங்களை வாங்கிக்கொள்ள நின்றவர் ஜாஷுவா சேம்பர்லைன். கல்லூரிப் பேராசிரியர். மொழி படிக்க ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்று விடுப்பு வாங்கிக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தவர். தோற்று வருபவர்களுக்கு அவர் தம் படையை ஆயுத மரியாதை செய்யவைத்தார். முன்னால் குதிரையில் வந்த ஜான் கோர்டன் அதைக் கண்டு நிமிர்ந்து, வாளைத் தாழ்த்திப் பதில் மரியாதை செய்தார். இதை இப்படிச் சொல்லிவைத்தவர்கள் அவர்கள் இருவருமேதான், அதுவும் வெகுநாள் கழித்து. இருவரும் மேடைப் பேச்சில் கெட்டிக்காரர்கள். கொஞ்சம் சந்தனம் பூசியிருக்கலாம்.

மாணவர்களுக்கு இந்தக் காட்சியை நானே உருகி உருகி நடத்தியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது வேறொன்று உறுத்துகிறது. வெள்ளைக்காரர் இருவர் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட மரியாதை அது. முந்தைய ஏப்ரல் 12இல் பில்லோ கோட்டையில் விழுந்தவர்களுக்கு அந்தச் சாலையில் இடம் இல்லை. கோர்டன் பிறகு ஜார்ஜியாவின் செனட்டரும் ஆளுநருமாகப் பல்லாண்டு இருந்தார். நாடு சமாதானமாயிற்று, யார் செலவில் என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, அதே ஆண்டர்சன் சம்ட்டருக்குத் திரும்ப வந்து, தாம் இறக்கிய அதே கொடியைத் தம் கையால் ஏற்றினார். விழாவுக்கு வந்த கப்பல்களில் பிளான்ட்டரும் ஒன்று. அதில் ராபர்ட் ஸ்மால்ஸ் இருந்தார். அன்றிரவுதான் வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்டார்.

எண்பது வருடம் தாண்டுகிறேன். 1945 ஏப்ரல் 12. ஜார்ஜியாவில் வார்ம் ஸ்பிரிங்ஸ். பெயரைப் போலவே வெந்நீர் ஊற்று இருக்கும் ஊர். பின்னாளில் ஜனாதிபதியான பிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு முப்பத்தொன்பது வயதில், 1921இல், இளம்பிள்ளை வாதம் கண்டது. கால்கள் போயின. இந்த ஊற்றில் நீந்தினால் தேறும் என்று கேள்விப்பட்டு 1924இல் வந்தார். தேறவில்லை. ஆனால் இடம் பிடித்துப்போய் 1926இல் அதை விலைக்கே வாங்கி, போலியோ நோயாளிகளுக்கான மருத்துவ விடுதியாக்கினார். மலைச்சரிவில் ஒரு சின்ன வீடும் கட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் அன்று நண்பகல். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ரூஸ்வெல்ட் நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எலிசபெத் ஷூமடாஃப் என்ற ஓவியர் அவரை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறார். முகமும் கழுத்துப்பட்டையும் வந்துவிட்டன, தோளுக்குக் கீழே வெறும் தாள். ஒரு மணி சுமாருக்கு, பின்னந்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. 3.35க்கு உயிர் பிரிந்தது. வயது அறுபத்து மூன்று. அந்த ஓவியம் அப்படியே பாதியில் நின்றது. இன்றும் அதே வீட்டு வளாகத்தில் அதைப் பார்க்கலாம்.

துணை ஜனாதிபதியாகி மூன்று மாதம்கூட ஆகாத ஹாரி ட்ரூமன் அந்த மாலை நாடாளுமன்ற அவைத்தலைவர் அறையில் ஒரு கோப்பை குடித்துப் பேசிக்கொண்டிருக்க வந்தவர். உடனே வெள்ளை மாளிகைக்கு வரச் சொல்லி அழைப்பு. எலினோர் ரூஸ்வெல்ட் செய்தியைச் சொன்னார். உங்களுக்கு நான் ஏதாவது செய்யட்டுமா என்று ட்ரூமன் கேட்க, உங்களுக்கு நாங்கள் ஏதாவது செய்யட்டுமா, இனி சங்கடம் உங்களுக்குத்தானே என்றாராம் அந்த அம்மா. புருஷனைப் பறிகொடுத்த இரண்டு மணி நேரத்தில் இப்படி ஒரு வார்த்தை. மாலை 7.09க்குப் பதவியேற்பு. அது முடிந்த கையோடு போர் அமைச்சர் ஸ்டிம்சன் ஒதுங்க அழைத்து, புதுவிதமான வெடிபொருள் ஒன்று தயாராகிறது என்று மட்டும் சொன்னார். அந்த நிமிடம்வரை ட்ரூமனுக்கு அணுகுண்டு பற்றி யாரும் விவரம் சொல்லவில்லை.

மறுநாள் காலை வார்ம் ஸ்பிரிங்ஸிலிருந்து உடல் ரயிலுக்குப் புறப்பட்டது. வழியில் கிரஹாம் ஜாக்சன் என்ற கறுப்பினக் கலைஞர் சீருடையில் நின்று அக்கார்டியன் வாசித்தார். ரூஸ்வெல்ட்டுக்காகப் பலமுறை வாசித்தவர். முகமெல்லாம் கண்ணீர். லைஃப் பத்திரிகையின் எட் கிளார்க் எடுத்த அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நாடே அழுததற்கு அடையாளமாக அந்த முகத்தைத்தான் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் கிரஹாம் ஜாக்சனுக்கோ அவர் பிள்ளைக்கோ போலியோ வந்திருந்தால் அந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் விடுதியில் படுக்கை கிடைத்திருக்காது. நோயாளிகள் வெள்ளையர் மட்டுமே. சமையலுக்கும் வண்டி தள்ளவும் கறுப்பர் உண்டு, ஊற்றில் இறங்க இல்லை. இது ஊர்வாயில் அடிபட்டு, 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின நோயாளிகளுக்கெனத் தனி மருத்துவ மையம் திறந்தார்கள். அங்கே போ என்று வழி காட்டினார்கள்.

டஸ்கீகி என்ற பெயரை நினைவில் வையுங்கள். பத்தாண்டு கழித்து அதே ஏப்ரல் 12இல் அந்த ஊருக்கும் பங்கு இருக்கிறது.

ரூஸ்வெல்ட் தொடங்கிய போலியோ அறக்கட்டளை ஊரெல்லாம் பத்து சென்ட் நாணயமாகத் திரட்டியது. டைம் என்பார்கள் அந்த நாணயத்தை. முதல் முறை கேட்டபோது கடிதங்களில் ஒட்டியும் உறையில் போட்டும் வெள்ளை மாளிகைக்கு இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டைம்கள் வந்து குவிந்தன. அரசாங்கக் கடிதங்களைத் தேடி எடுக்க முடியவில்லையாம். இறந்த மறுவருடம் அந்த நாணயத்திலேயே அவர் முகத்தைப் பொறித்தார்கள். 1952இல் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பத்தெட்டாயிரம் பேருக்குப் போலியோ கண்டது. கோடை வந்தால் நீச்சல் குளத்தை மூடுவார்கள், சினிமாவுக்குக் குழந்தைகளை அனுப்ப மாட்டார்கள். அந்தப் பத்து சென்ட் காசில்தான் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சி நடந்தது. 1954இல் பதினெட்டு லட்சம் பள்ளிக் குழந்தைகள் அதன் சோதனையில் பங்கேற்றார்கள்.

முடிவைச் சொன்ன நாள் 1955 ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாண்டு. அது யார் கண்ணிலும் படாமல் போகவில்லை. இடம் மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆன் ஆர்பர். அறிக்கைப் பிரதிகளை ஒரு தள்ளுவண்டியில் வைத்துப் பத்திரிகையாளர் அறைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மூர்க் கல்யாணப் பந்தியில்கூட அப்படி ஒரு தள்ளுமுள்ளு பார்த்திருக்க மாட்டீர்கள். படித்த மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பறித்தார்கள். பலிக்கிறது என்று ஒருவர் கத்தினார், அதுவே செய்தியாகி ஓடியது. தேவாலய மணிகள் அடித்தன, ஆலைச் சங்குகள் ஊதின. மேடையில், சோதனையை மதிப்பிட்ட தாமஸ் பிரான்சிஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிதானமாக அட்டவணை அட்டவணையாக வாசித்துக்கொண்டிருந்தார். முடக்குவாதத்தை உண்டாக்கும் மூன்று வகைக் கிருமிகளில் முதல் வகைக்கு எதிராக அறுபது எழுபது சதவீதம், மற்ற இரண்டுக்கும் தொண்ணூறு சதவீதம் அளவில் பயன். வெளியே மணியடித்த யாருக்கும் அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். சால்க் மேடையேறி யார் யாருக்கோ நன்றி சொன்னார், இரவு பகலாகக் கூட உழைத்த தம் ஆய்வக நண்பர்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர்களில் சிலர் சாகும்வரை அதை மறக்கவில்லை. அடுத்தது பெரிய குறை. அன்று பிற்பகலே, சில மணி நேரத்தில், மருந்து தயாரிக்க அரசு உரிமம் கொடுத்துவிட்டது. அந்த அவசரத்தின் விலை இரண்டே வாரத்தில் தெரிந்தது. கலிபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த மருந்தின் சில தொகுதிகளில் கிருமி சாகாமல் இருந்துவிட்டது. சுமார் இருநூறு பேருக்கு முடக்கம், பத்துப் பேர் சாவு. சோதனை விதிகளைத் திருத்தி எழுதிய பிறகே ஊசி தொடர்ந்தது.

இனி டஸ்கீகி. சோதனைக் குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்ததா என்று பார்க்க, ஆய்வகக் குப்பியில் வளரும் மனித உயிரணுக்கள் தேவைப்பட்டன. ஹீலா என்று பெயர் கொண்ட அந்த உயிரணுக்களைப் பெருமளவில் வளர்த்து அமெரிக்கா முழுவதும் அனுப்பியது டஸ்கீகி. வளர்த்தவர்கள் கறுப்பின ஆராய்ச்சியாளர்கள். உயிரணுக்கள் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து வந்தவை. 1951இல் பால்டிமோர் மருத்துவமனையில் புற்றுநோயால் இறந்தவர். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு 1970கள்வரை இந்த விஷயமே தெரியாது. வார்ம் ஸ்பிரிங்ஸில் இடம் கொடுக்காதவர்களுடைய பிள்ளைகள் பிழைக்க, இவர்களுடைய உடலும் உழைப்பும் ஆயிற்று. (கிருமியை வளர்க்க வேறொரு ஜீவனும் வேண்டியிருந்தது. குரங்கின் சிறுநீரகம். ஆயிரக்கணக்கான குரங்குகள் இந்தியாவிலிருந்து விமானமேறின. நம் ஊர்க் கோயில் குரங்கல்ல, வடக்கே இருக்கும் ரீசஸ் இனம்.)

1981ஐ ஓடிக் கடந்துவிடுகிறேன். ஏப்ரல் 12 காலை ஏழு மணிக்கு, ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் ஏறிய கொலம்பியா விண்கலம் புளோரிடாவிலிருந்து முதல்முறையாக எழும்பியது. முதல் மனிதராக ககாரின் விண்வெளிக்குப் போய்ச் சரியாக இருபது வருடம். யாரும் நாள் பார்த்து வைத்ததல்ல. 10ஆம் தேதி போக வேண்டியது, கணினிகளுக்குள் ஒன்றுக்கொன்று நேரம் ஒத்துவராமல் இரண்டு நாள் தள்ளியது. அதே நாளில், அமெரிக்காவின் மறுகோடியில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் காலமானார். அலபாமாவில் பருத்திக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டு வருடம் உலகப் பட்டத்தை வைத்திருந்தவர். பத்திரிகைகளில் விண்கலத்துக்குத்தான் பெரிய எழுத்து.

நான் கடைசிக்கு வைத்திருந்தது 1963.

அலபாமாவில் பர்மிங்ஹாம். கறுப்பினத்தவர் கடையில் துணி வாங்கலாம், அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அதை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங்கும் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தும் திட்டம் போட்டார்கள். நாள் பார்த்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடையில் கூட்டம் அலைமோதும், நம்மூரில் தீபாவளிக்கு முந்தைய வாரம்போல. அப்போது வாங்காமல் இருந்தால்தான் கடைக்காரருக்கு உறைக்கும். மேயர் தேர்தல் வந்தது, தள்ளிப்போட்டார்கள். மறுதேர்தல் வந்தது, மறுபடி தள்ளிப்போட்டார்கள். ஏப்ரல் 3 அன்று தொடங்கினார்கள். 10ஆம் தேதி நீதிமன்றம் ஊர்வலத்துக்குத் தடையாணை போட்டது.

12ஆம் தேதி புனித வெள்ளி. கேஸ்டன் விடுதி, 30ஆம் எண் அறை. இருபத்து நான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாமீன் பணம் தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே போனவர்களையே எடுக்க வழியில்லை. பணம் திரட்டத் தெரிந்த ஒரே ஆள் கிங், அவரும் உள்ளே போனால் யார் திரட்டுவது என்று வாதம். வீட்டில் பிறந்து பதினைந்தே நாளான பெண் குழந்தை. நேரம் சரியில்லை என்று சொல்ல அத்தனை காரணமும் இருந்தது. கிங் எழுந்து பக்கத்து அறைக்குத் தனியே போனார். திரும்பி வந்தபோது கோட்டைக் கழற்றிவிட்டு, மடிப்புக் கலையாத புது டெனிம் வேலைச்சட்டை போட்டிருந்தார். வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈஸ்டருக்குப் புது உடை வாங்காத மக்களோடு, அந்த முரட்டுத்துணியில் நடந்தார். சில தெருக்கள்தான் நடந்திருப்பார்கள், கூட நடந்த தோழர் ரால்ப் அபர்நேதியோடு சேர்த்துப் பிடித்துப் போனார்கள். கிங்கைத் தனிமைச் சிறையில் போட்டார்கள். நான்கு வருடம் முன்பு கன்னியாகுமரிக் கரையில் நின்று, கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரப் பார்த்துவிட்டுப் போன அதே மனிதர்தான்.

அதே ஏப்ரல் 12 தேதியிட்டு, பர்மிங்ஹாமின் வெள்ளை மதகுருமார் எட்டுப் பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். கிளான்காரர்கள் அல்ல அவர்கள். நல்லவர்கள், நடுநிலையாளர்கள். ஆயர்கள் உண்டு, ஒரு யூத ரப்பியும் உண்டு. இந்தப் போராட்டம் விவேகமற்றது, காலப் பொருத்தமும் இல்லாதது, கறுப்பின மக்கள் பொறுமையோடு நீதிமன்றத்தை நம்ப வேண்டும் என்று எழுதினார்கள். அந்த எட்டுப் பேரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தெரிந்த நல்ல மனிதர்கள் பலர் பேசுவது அப்படித்தான். நானே பேசியிருக்கிறேன், ஊதிய உயர்வுப் போராட்டத்தின்போது, பரீட்சை நேரத்தில் வேண்டாமே என்று.

செய்தித்தாள் சிறைக்குள் வந்தது. கிங்கிடம் எழுதத் தாள் இல்லை. அறிக்கை வந்த அந்தத் தாளின் ஓரத்திலேயே பதில் எழுத ஆரம்பித்தார். ஓரம் தீர்ந்ததும் விளம்பரங்களைச் சுற்றியிருந்த வெள்ளை இடத்தில் எழுதினார். அம்புக்குறி போட்டு இதற்குப் பிறகு அது என்று காட்டினார். கிடைத்த துண்டுக் காகிதத்திலும் எழுதினார். கடைசியில் வக்கீல் குறிப்பேடு கொண்டுவந்து கொடுத்தார். காத்திரு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதற்கு எங்கள் ஊரில் "ஒருபோதும் இல்லை" என்று பொருள் என்ற பாணியில் பதில் போனது. சார்ல்ஸ்டன் வீட்டில் மேரி செஸ்நட் சந்தேகப்பட்ட அந்த மௌனத்துக்கு, நூற்றிரண்டு வருடம் கழித்து எழுத்தில் வந்த விளக்கம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

வக்கீல்கள் துண்டு துண்டாக உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். கிங்கின் கையெழுத்து கோழிக் கீறல். கிங்கின் இயக்கத் தோழர் வயாட் வாக்கர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லச் சொல்ல, வில்லி பேர்ல் மேக்கி என்ற இளம்பெண் தட்டச்சு செய்தார். ஓரிரவு அவர் இயந்திரத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வாக்கர் அவரை நாற்காலியோடு நகர்த்திவைத்துவிட்டு, தாமே உட்கார்ந்து மிச்சத்தை அடித்தார். எட்டுப் பேர் பெயருக்கும் எழுதிய அந்தக் கடிதத்தின் தலையில் ஏப்ரல் 16 என்று தேதி இருக்கிறது.